மிஷின் கண்ணாடியில் கல்பனா வைத்த பொட்டு

கல்பனாவின் கை கணவனின் முதுகில் மேலிருந்து கீழாகப் போய்க்கொண்டிருந்தது. தோள்பட்டை, முதுகுத்தண்டு, இடுப்பெலும்பு, பிறகு போர்வையை விலக்கிக் குதிகால். தேய்ப்பதில்லை, அமுக்குவதும் இல்லை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைப்பாள், கொஞ்சம் நிறுத்துவாள், அடுத்த இடத்துக்குப் போவாள். படுக்கைப்புண் வருவதற்கு முன்னால் அந்த இடம் சிவக்கும் என்று பாடத்தில் சொல்வார்கள். கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அங்கே சூடுதான் தெரியும், தோல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து, சென்னையில் பல வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். இந்த வேலையைப் பல பெண்களுக்குக் காட்டியிருக்கிறேன். பாதிப் பேருக்குக் கை வராது. கல்பனாவுக்கு ஒரே தடவைதான் காட்டினேன். அவள் கை ஏற்கெனவே பழகிய கை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி என்ஜின்களுக்கு ரப்பர் சீல் செய்கிற கம்பெனியில் அவள் பதினாறு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தாள். சீல் என்பது வளையல் அளவில் ஒரு ரப்பர் வளையம். அது சரியாக இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளையத்தையும் எடுத்து, விரலில் உருட்டி, உள்விளிம்பை இழுத்துப் பார்க்க வேண்டும். கீறல், குமிழி, பிசிறு இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லையென்றால் பச்சைத் தட்டு. பேசிக்கொண்டே செய்யலாம். வீட்டில் மொச்சை உரித்தாலும் சொத்தை தானாக இடப்பக்கம் போய் விழும்.

கணவன் விஜயகுமார் லாரி ஓட்டியவன். எளாவூர் செக்போஸ்டில் வரிசையில் நிற்கும்போதே ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டான். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தைதான் மிச்சம். ஒரே மகளைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மாமியார் வீட்டுப் பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு மகள் வந்து உட்கார முடியாது. ஆகவே வீட்டில் இவள், அடுத்த வீட்டில் நான்.

ஏற்பாடு இதுதான். காலையில் அவனைச் சுத்தம் செய்து, கஞ்சி கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அவள் கம்பெனி வேனில் ஏறுவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் போய்த் திருப்பிப் போடுவேன். ஷிப்ட் முடிந்து பிற்பகலில் அவள் வந்துவிட்டால் எனக்கு விடுதலை. விஜயகுமார் கனத்த உடம்புக்காரன். என் வயதுக்கு ஒரு நாளில் இத்தனை தடவைதான் அவனைப் புரட்ட முடியும். அந்தக் கம்பெனி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே விட்டதும்தான் அவன் முதுகைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அது போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் ஏற வேண்டும். இருட்டில் போய் இருட்டில் வருகிற வேலை. அவள் பயமெல்லாம் அதுதான். சம்பளத்தைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பேசியதில்லை.

போன வருடம் மிஷின் வந்தது. அதோடு பூமிகா என்ற பெண்ணும் வந்தாள். மிஷின் செய்த கம்பெனியின் இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கம். மிஷினில் ஒரு கண்ணாடித் தட்டு சுற்றும். அதன்மேல் வளையங்கள் போகும், கேமரா பார்க்கும், கெட்டதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். எது கெட்டது என்று மிஷினுக்கு முதலில் கற்றுத்தர வேண்டுமாம். அதற்காக அந்தப் பெண் இவர்களோடு மேஜையில் உட்கார்ந்தாள்.

"இது ஏன் ரிஜெக்ட்டுங்க்கா?"

"உள்ள கீறல் கீது பாரு."

"தெரியலீங்களே."

"நகத்த வெச்சிப் பாரு. மாட்டுதா?"

மாட்டும். உடனே அவள் அதைப் படம் எடுத்துக்கொள்வாள். இப்படி வாரக்கணக்கில். கல்பனாவுக்குப் பக்கத்து ஸ்டூல் கிறிஸ்டினா. பழவேற்காட்டுப் பக்கத்தவள், வாய்க்காரி.

"எடு தங்கச்சி, நல்லா எடு. எங்களையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கோ. அப்பறம் காட்டறதுக்கு ஆளு இருக்க மாட்டோம்."

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா. உங்களுக்குக் கண்ணு வலிக்காம இருக்கணும்னுதான்."

"கண்ணு வலிச்சா தொடச்சிக்கலாம். வயிறு வலிச்சா இன்னா பண்றது?"

பூமிகா அடுத்த வளையத்தை எடுத்தாளாம். கெட்ட பெண் இல்லை. மதியம் இவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், கல்பனாவின் நெத்திலிக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவாள்.

மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். இருபது பெண்கள் ஒரு நாளில் பார்ப்பதை அது சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பார்த்துவிட்டது. சலிப்பு இல்லை, தலைவலி இல்லை. மேனேஜர் பார்த்திபன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது, மிஷினில் பீஸ் கொட்டவும் பக்கத்தில் நிற்கவும் நாலு பேர் மட்டும் இருப்பார்கள். சூப்பர்வைசர் ஜெகன் அந்த நாலில் கல்பனாவைப் போட்டான். வீட்டு நிலைமை அவனுக்குத் தெரியும். கிறிஸ்டினாவின் பெயர் இல்லை.

அன்று வேனில் கிறிஸ்டினா சொன்னாள்: "உனுக்கின்னாடி, நீ மிஷினுக்கு ஆயா வேல பாக்கப் போற."

"ஊட்லயும் அதான பாக்கறேன். எனுக்கு இன்னா புதுசா?"

வேனில் எல்லாரும் சிரித்தார்கள், கிறிஸ்டினாவும்.

அந்த மாத நடுவில் ஆயுத பூஜை வந்தது. வேலை போகிறவர்களும் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் வாழைக்கன்று, உள்ளே பொரியும் பொட்டுக்கடலையும் மூட்டையாக. அந்த செக்ஷனில் மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது பல வருடமாகக் கல்பனாதான். கன்னிமேரி படம் போட்ட செயினோடு கிறிஸ்டினா தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள், பொரிக்காக.

ரப்பரை அச்சில் அழுத்தும் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் வைத்துவிட்டுக் கேமரா மிஷினிடம் வந்தார்கள். பூமிகா லீவில் ஊருக்குப் போயிருந்தாள். கல்பனா இரும்புக் கதவில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்குத் திருப்தியாக இல்லை. லாரிக்காரன் பெண்டாட்டி, வருடா வருடம் கணவனின் வண்டிக்கு ஹெட்லைட் இரண்டுக்கும் அவள்தான் பொட்டு வைப்பாள்.

"இது முதுகு மாதிரி கீது. மூஞ்சி எங்கடி இதுக்கு?"

"கதவத் தெறந்து பாரு. உள்ள எங்கனா குந்திக்கினு இருக்கும்," என்றாள் கிறிஸ்டினா.

திறந்தார்கள். உள்ளே கேமராவின் வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றி விளக்கு. இதுதான் மூஞ்சி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்பனா மோதிர விரலால் கண்ணாடியின் நடுவில் சந்தனத்தை இட்டு, அதன்மேல் குங்குமத்தை வைத்துக் கும்பிட்டாள். தன்னுடைய இடத்தையும் அதோடு சேர்த்து வேண்டிக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். கதவை மூடினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

விடுமுறை முடிந்து மிஷினைப் போட்டார்கள். வளையம் எல்லாம் சிவப்பில் போய் விழுந்தது. ஒன்றுகூடப் பச்சைக்குப் போகவில்லை. ஜெகன் அணைத்துப் போட்டான், மறுபடி போட்டான். அதே கதை.

"இன்னாடா இது பேஜாரு," என்று பூமிகாவுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. சரக்கு கேட்டவர்கள் நேரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். மிஷின் எவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஸ்கிரீனில் ஓர் அளவு உண்டு. பூமிகா அதைக் கூட்டிக் குறைப்பதை அவன் பார்த்திருந்தான். குறைத்தான். கொஞ்சம் பச்சைக்குப் போனது. இன்னும் குறைத்தான். எல்லாமே பச்சைக்குப் போனது.

கல்பனா பக்கத்தில்தான் நின்றாள். "சார், கொஞ்சம் பீஸ கையால பாத்துட்டு அனுப்பலாமா?"

"நேரமில்லக்கா. அதான் மிஷினு பாக்குதே."

பொட்டின் நினைப்பு அவளுக்கு வரவே இல்லையா என்று நான் கேட்டேன். வரவில்லையாம். நம்புகிறேன். பொட்டு வைத்த ஒரு பொருள் அதனாலேயே கெடும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? பல்லாயிரம் கிலோமீட்டர் அந்த லாரி பொட்டோடுதான் ஓடியது. பூஜையில் இருந்த மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

மாதம் முடிந்தது. கிறிஸ்டினாவும் மற்றவர்களும் போனார்கள். கல்பனா மிஷினில் பீஸ் கொட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் அனுப்பிய சரக்கு வண்டிக் கம்பெனியில் மாட்டப்பட்டு, எண்ணெய் கசிந்து, எல்லாம் திரும்பி வந்தது. பெட்டிகள் செக்ஷன் முழுக்க அடுக்கப்பட்டு, நடக்க வழியில்லை. எல்லாவற்றையும் கையால் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று பார்த்திபன் பழைய பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வாரம் அவர்களுக்குத் திருவிழாதான். மறுபடியும் டியூப்லைட், மறுபடியும் ஸ்டூல். கம்பெனியே சாயங்காலம் போண்டா கொடுத்தது. இனிமேல் மிஷினை நம்ப மாட்டார்கள், நம்மை வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கல்பனாவும் அதையே என்னிடம் சொன்னாள். ஆனால் வேலை ராத்திரிவரை நீண்டது. பிற்பகலில் வர வேண்டியவள் எட்டு, ஒன்பது மணிக்கு வந்தாள். நான் முடிந்தவரை புரட்டினேன். சாயங்காலத்துக்குமேல் என் கைக்கு அந்த உடம்பு அசையவில்லை. எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டேன். ஒரு நாள் வந்தார், மறுநாள் அவருக்கு நைட் ஷிப்ட்.

ஒரு ராத்திரி கல்பனா வந்ததும் புடவைகூட மாற்றாமல் அவன் இடது இடுப்பில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"சூடா கீது பெரிம்மா."

நானும் வைத்துப் பார்த்தேன். சூடுதான். கெட்டிப்பட்டும் இருந்தது.

"நாளைலேந்து ஓ.டி. வேணான்னு சொல்லிடு," என்றேன்.

"இப்ப வேணான்னுட்டா அப்பறம் கூப்புடுவாங்களா?"

இரண்டு நாளில் தோல் உடைந்தது.

லீவு முடிந்து வேறொரு கம்பெனி வேலைக்குப் போயிருந்த பூமிகா வந்தது அந்த வாரத்தில்தான். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடியின் நடுவில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். மிஷினுக்கு ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு பெரிய கறை தெரிந்திருக்கிறது.

"இது யார் வெச்சது?"

"நாந்தாம்மா. பூஜைக்கு வெச்சேன்," என்றாள் கல்பனா. அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்திருக்கிறது.

பூமிகா துணியைக் கையில் எடுத்துவிட்டு, திரும்பிக் கேட்டாளாம்: "தொடச்சிடலாங்களாக்கா?"

"தொடச்சிடு. பூஜ முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி."

செய்தி மேஜைக்கு மேஜை ஓடியது. கிறிஸ்டினாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் வரும் வழியெல்லாம் இதே பேச்சு.

"ஏய், வேணும்னுதான் வெச்சேன்னு சொல்லுடி. எங்க வேலைய எடுத்துச்சி, கண்ணக் குத்தினேன்னு சொல்லு. நாங்க அத்தினி பேரும் கேட்டாண்ட குந்திக்கினு உன் பக்கம் பேசறோம்."

"நான் கண்ணக் குத்தலயே. சாமி கும்பிட்டேன்."

"யாருக்குடி தெரியும்?"

"எனுக்குத் தெரியும்ல."

அன்று ராத்திரி ஜெகன் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தான். விஜயகுமாரைப் பார்த்தான், நாற்றம் தாங்காமல் ஜன்னல் பக்கம் நகர்ந்தான். நான் டிரஸ்ஸிங் மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பொருட்டாக எண்ணாமல் பேச ஆரம்பித்தான்.

"அக்கா, நாளைக்கு மேனேஜர் விசாரிப்பாரு. பொட்டு உன்னுது, ஒத்துக்கினு போயிடு, ஒண்ணும் பண்ண மாட்டாரு. நான் செட்டிங்க கொறச்சத மட்டும் சொல்லாத. எனக்கு இப்பதான் கல்யாணமாச்சி. உன் எடத்துக்கு நான் கேரண்டி. இந்த நாலு பேர்ல ஒர்த்தர் இருந்தாலும் அது நீதான்."

அவன் போன பிறகு கல்பனா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா பெரிம்மா பண்றது?"

"அவன் தர்றேங்கறது அவங்கிட்ட இருக்கற பொருளான்னு யோசி," என்றேன்.

"இல்லாட்டி மட்டும் எனுக்கு வேற யாரு கீறாங்க?"

நான் பஞ்சைச் சுருட்டிக் கவரில் போட்டேன்.

மறுநாள் பார்த்திபன் அறையில் அவரோடு கல்பனா, ஜெகன், பூமிகா. பொட்டு வைத்தது யார் என்று கேட்டார், கல்பனா சொன்னாள். பூமிகா குறுக்கிட்டு, பொட்டால் நல்ல பீஸ்தான் வீணாகியிருக்கும், கெட்ட பீஸ் வெளியே போயிருக்காது, யாரோ அளவைக் குறைத்திருக்கிறார்கள் என்றாள். அந்த மிஷினுக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, யார் மாற்றியது என்று அது காட்டாது. ஜெகன் தரையைப் பார்த்தான்.

"நீ அங்கதானம்மா நின்னே. யார் மாத்தினது?" என்று பார்த்திபன் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்."

பூமிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கல்பனா நிமிரவில்லை.

பார்த்திபன் கத்தவில்லை, திட்டவில்லை. "பொட்டு வெச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். என் கார்லயும் வெச்சிருக்கேன். மனுஷன் கை உள்ள போற மாதிரி ஒரு மிஷின வெச்சிருந்தோம் பாரு, அதான் தப்பு," என்றார். பூமிகாவைப் பார்த்து, மூடிய மாடல் எப்போது வரும் என்று கேட்டார். தானாகவே பீஸை எடுத்துப் போட்டுக்கொண்டு, தானாகவே பெட்டியில் அடுக்கும் மாடலாம். அடுத்த மாதம் தரலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லாமல் அவள் வேறு என்ன செய்வாள்? அவள் வேலை அது.

ஆக, மிஷின் செய்த தப்புக்கு இன்னொரு மிஷின் வந்தது. பெட்டிகள் தீர்ந்த அன்றே கிறிஸ்டினாவும் மற்றவர்களும் போனார்கள். புதியது வந்ததும் பீஸ் கொட்ட ஆள் தேவைப்படவில்லை. நாலு பேரும் போனார்கள். கல்பனாவுக்குத் தண்டனை என்று எதுவுமில்லை. தண்டிக்கும் அளவுக்குக்கூட அவள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கடைசி நாளில் ஜெகனைக் கேட்டிருக்கிறாள். "சார், சொன்னீங்களே."

"சொன்னேன்க்கா. என் கைல இல்லக்கா." அவன் அங்கேதான் இருக்கிறான்.

கிறிஸ்டினா தெருவில் பார்த்தபோது நின்று பேசினாள். அவள் இப்போது தச்சூர்ப் பக்கம் ஒரு குடோனில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். "நீ வேணும்னு வெச்சிருந்தாகூட எனுக்கு இவ்ளோ ஆத்திரம் வராதுடி," என்றாள். "அதுக்குப் போயி பூஜ போட்ட பாரு." சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து இவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் கல்பனா ஏறி இறங்கினாள். முப்பத்தைந்து வயதுக்குமேல் வேண்டாம் என்றார்கள், அல்லது எங்களிடமும் கேமரா வந்துவிட்டது என்றார்கள். விஜயகுமாரின் புண் நாலு விரல் அகலத்துக்கு வந்து, ஆழத்தில் இறங்க ஆரம்பித்தது. அவள் வீட்டில் இருந்த நாட்களில் அது கொஞ்சம் ஆறியது. வீட்டிலேயே இருந்தால் நன்றாக ஆறும். வீட்டிலேயே இருந்தால் கஞ்சிக்கு அரிசி வராது.

நானே பேச்சை எடுத்தேன். திருவொற்றியூரில் ஒரு வீடு, படுத்த படுக்கையாக ஒரு கிழவர், பகல் ட்யூட்டிக்குப் பெண் வேண்டும். காலையில் போய் ராத்திரி வர வேண்டும். "ரயில்ல போலாம். வயசு கேக்க மாட்டாங்க. உனக்குக் கை வரும்," என்றேன்.

"அங்க இன்னா பண்ணணும்?"

"இங்க பண்றதுதான்."

கணவன் படுத்திருந்த பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அப்ப இவர?"

"காலையில ரெண்டு தடவ, மதியம் ரெண்டு தடவ நான் திருப்பறேன். சாயங்காலத்துக்கு என்னால முடியாது. அத இப்பவே சொல்லிடறேன்."

"சாயங்காலம் வலப்பக்கம் போட்டுட்டுப் போயிடு பெரிம்மா. புண்ணு மேல படாது."

வலப்பக்கத்தில் அவனுக்கு உணர்ச்சியே இல்லை. வலித்தாலும் தெரியாது, அந்தப் பக்கமும் உடையும். அவளுக்கும் அது தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது? சரி என்றேன்.

மறுநாள் காலை இருட்டோடு எழுந்து அவனைக் குளிப்பாட்டினாள். புண்ணைச் சலைன் விட்டுக் கழுவி, நான் காட்டியபடி கட்டுப்போட்டாள். தோளிலிருந்து குதிகால்வரை விரலால் ஒருமுறை பார்த்தாள். நான் ஸ்டேஷன்வரை கூடப் போய், பெண்கள் பெட்டியில் அவளை ஏற்றிவிட்டேன். ரயிலில் பாதி எளாவூர், ஆரம்பாக்கத்துப் பெண்கள், எல்லாரும் சென்னைக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கம்பெனி வேன் மற்ற செக்ஷன் ஆட்களோடு வழக்கம்போல முனையில் வந்து, இங்கே யாரும் ஏறாமல் திரும்பிக்கொண்டிருந்தது. விஜயகுமார் கண் விழித்திருந்தான். "வேனு?" என்றான்.

"போயிடுச்சி," என்று சொல்லி, புண் அழுந்தாதபடி தலையணையைக் கொடுத்து, அவனை இடப்பக்கம் திருப்பிப் போட்டேன்.